ரெண்டு எழுத்தில் ஒரு கலப்படம்

பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரில் ஏறி, "பாகலூர் போகணும்" என்றேன். ஓட்டுநர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஒரு பேக்கரி வாசலில் நிறுத்தி, "மேடம், பாகலூர்" என்றார்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மாநில எல்லையைத் தாண்ட வேண்டும், நெரிசலில் சாக வேண்டும் என்றெல்லாம் மலேசியாவில், எங்கள் ஈப்போவில், என்னைப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். எல்லாம் சும்மா என்று நினைத்துக்கொண்டு பெட்டியை இறக்கி, காரையும் அனுப்பிவிட்டேன். பேக்கரிக்காரரிடம், "ஸ்டெல்லா அம்மாவோட எண்ணெய் ஷெட் எங்கே?" என்று கேட்டேன். அவர் கன்னடத்தில் ஏதோ சொன்னார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்தான் தமிழில் போட்டு உடைத்தார். "இது கர்நாடகா பாகலூருங்க. நீங்க தேடுறது ஓசூர் பாகலூர். அது அந்தக் கோடி. பெங்களூரைத் தாண்டணும்."

பெங்களூரைத் தாண்டுவது என்றால் என்ன என்பதை அன்று தெரிந்துகொண்டேன். எங்கள் ஊரில் ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் போய், சாப்பிட்டு, சண்டை போட்டு, திரும்பியும் வந்துவிடலாம். ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஸ்டெல்லா அனுப்பிய சின்ன வேனோடு முருகேசன் என்ற ஓட்டுநர் காத்திருந்தார். தென்காசிப் பக்கத்துக்காரர். தொழிற்சாலை வேலைக்கு வந்து, அது பிடிக்காமல் வேன் ஓட்டுகிறவர்.

"மலேசியாவா? எங்க சித்தப்பா ஜோகூர்ல இருக்காவ. பாத்திருக்கியளா?" என்றார்.

பார்த்ததில்லை என்றேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்ப்பது வாசனை எண்ணெய்களை வாங்கி விற்கும் ஒரு சின்னக் கம்பெனியில். பல நாடுகளிலிருந்து எண்ணெய் வாங்கி, சோப்பும் அத்தரும் செய்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம். அதில் ஒன்று மருக்கொழுந்து எண்ணெய். கதம்பத்தில் வைத்துக் கட்டுகிறார்களே, அந்தப் பச்சைச் செடிதான். அதை ஆவியில் காய்ச்சி எடுத்தால் பழுத்த பழமும் தேயிலையும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். ஒரு வேன் செடி காய்ச்சினால் ஒரு சின்னக் கேன் அடி நனையும், அவ்வளவுதான். அதனால் விலை அதிகம். விலை அதிகமான எண்ணெயில் எவனாவது கை வைப்பான், அது இந்தத் தொழிலின் தலையெழுத்து.

ஓசூர் ஸ்டெல்லாவை நான்தான் கண்டுபிடித்து, நான்தான் சிபாரிசு செய்தேன். நான்கு வருடமாக அப்பழுக்கில்லாத எண்ணெய். போன மாதம் வந்த கேனை எங்கள் சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தார். வேறு செடியின் எண்ணெய் கலந்திருக்கிறது, அது மார்ஜோரம் என்று அறிக்கை வந்தது. மார்ஜோரம் என்றால் பீட்சாவில் தூவுகிறார்களே, அந்த இலைக்கு ஒன்றுவிட்ட அக்காள். மருக்கொழுந்தோடு பார்த்தால் மலிவான சரக்கு. பீட்சா செடி ஓசூரில் எங்கே விளையப்போகிறது? வெளியிலிருந்து எண்ணெய் வாங்கி ஊற்றியிருக்கிறாள் என்று நான் விமானத்தில் ஏறும்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். முதலாளி சொன்னதும் ஒரே வரிதான். "நேரில் போய்ப் பார். கலப்படம் என்றால் அவரோடு வியாபாரத்தை வெட்டிவிடுவோம், மற்ற வியாபாரிகளுக்கும் சொல்லிவிடுவோம்." எங்களைத் தவிர ஸ்டெல்லாவுக்கு வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரும் கிடையாது. என் சிபாரிசால் ஏறினவரை என் வாயால் இறக்க வேண்டும். எரிச்சலும் அவமானமும் சரிபாதியாக இருந்தன.

ஷெட் வாசலிலேயே ஸ்டெல்லா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஒரு ஆண்பிள்ளை ஸ்வெட்டர், காலில் ரப்பர் செருப்பு, தெருக்கோடிக்குக் கேட்கும் சிரிப்பு. "வாங்கக்கா! எந்த பாகலூரெல்லாம் பாத்துட்டு வர்றீங்க?" முருகேசன் ஃபோனில் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறார் போல. திருடியைப் பார்க்க வந்தவளுக்கு இந்த வரவேற்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் அறிக்கையை எடுத்து மேஜையில் போட்டேன்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "மார்ஜோரமா? அது என்னதுங்கக்கா?"

என்ன நடிப்பு என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. "அதைத்தான் நான் கேட்க வந்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "நான் வெளியிலேர்ந்து ஒரு சொட்டு வாங்கினது கிடையாதுங்க. மாதா சத்தியமா. எங்க வேணா தேடிப் பாருங்க. பூட்டுன கதவு ஒண்ணும் இங்க இல்ல" என்றார்.

மறுநாள் காலை ஓசூர் விடுதியில் தட்டு இட்லியைப் பார்த்து மலைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்துக்கு வைக்கிற மாவை இங்கே ஒரே இட்லியாக ஊற்றிவிடுகிறார்கள். அடுத்த மேஜையில் ஒரு மனிதர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, இரண்டு விரலில் மோதிரம். நான் ஃபோனில் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாற்காலியோடு என் பக்கம் நகர்ந்தார்.

"மேடம் ஆயில் லைனா? நானும் அதே லைன்தான். சந்தனம், ரோஸ், மல்லி, வெட்டிவேர், எது வேணும்?"

"இயற்கையானதா?" என்றேன்.

"எவ்வளவு இயற்கையா வேணும்?" என்றார் கூச்சமே இல்லாமல். பாதி வேண்டுமா, முக்கால் வேண்டுமா, பெயருக்கு இருந்தால் போதுமா என்று காய்கறி மாதிரி கேட்டார். கேட்கிற ஆய்வக அறிக்கையும் அவரே தருவாராம். "கலப்படம்னு சொல்லாதீங்க மேடம். செட் பண்றதுன்னு சொல்லுங்க. நீங்க ஒரு விலை சொல்றீங்க, அந்த விலைக்கு நான் எண்ணெய செட் பண்றேன். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

எனக்கு இதெல்லாம் புதிது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்கள் நாட்டில் அகில் கட்டை என்று சாதாரண மரத்தை எண்ணெயில் ஊறவைத்துக் கறுப்பாக்கி என் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அவர்கள் ஒளிந்து செய்தார்கள். இவர் இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொண்டே விளக்கம் சொல்கிறார். சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று மருக்கொழுந்து எண்ணெய் கிடைக்குமா என்றேன்.

"கிடைக்கும். ஆனா நல்ல அடிச்சரக்கு இருந்தாத்தான் செட் ஆகும். பாகலூர் ரோட்டுல ஒரு கிறிஸ்டியன் அம்மா காய்ச்சுறாங்க. நான் மூணு வாட்டி போய்க் கேட்டேன். மூணாவது வாட்டி அந்தம்மா வெளக்குமாத்த எடுத்துட்டாங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

தட்டைத் தள்ளி வைத்தேன். திருடன் வாயாலேயே ஸ்டெல்லாவுக்கு நற்சான்றிதழ் கிடைத்துவிட்டது. அப்படியானால் அந்த மார்ஜோரம் எங்கிருந்து வந்தது? நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பில் முதல் கீறல் அங்கேதான் விழுந்தது.

அன்று முருகேசன் என்னை வயலுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் கம்பெனிப் பேருந்துகள். ஷிப்ட் முடிந்து வருகிற பெண் பிள்ளைகள் கழுத்தில் அடையாள அட்டையோடு ஜன்னலில் சாய்ந்து தூங்குகிறார்கள். தொழிற்சாலைச் சுவர் முடிகிற இடத்தில் முட்டைக்கோஸ் தொடங்குகிறது, அதற்கடுத்து ரோஜாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கூடாரம், அதற்கும் அடுத்து சாம்பல் பச்சையில் முழங்கால் உயரத்துக்கு மருக்கொழுந்து. அறுவடை நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று மூச்சை இழுத்தேன். இருபது வருடம் பாட்டிலில் முகர்ந்ததெல்லாம் என்ன பிழைப்பு என்று தோன்றிவிட்டது. அவ்வளவு நன்றாக இருந்தது.

அங்கே அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா பக்கத்து வரிசைக்காரியிடம் தெலுங்கில் வம்பு பேசினார், ஃபோனில் கன்னடத்தில் அதட்டினார், என்னைப் பார்த்து, "வெயில்ல நிக்காதீங்க, மயக்கம் வரும்" என்று தமிழில் சொன்னார். மூன்றும் ஒரே மூச்சில். ஈப்போவில் நாங்களும் தமிழ், மலாய், காண்டனீஸ் கலந்துதான் பேசுகிறோம், ஆனால் கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டு பேசுவோம். இங்கே யாருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை.

வெட்டின செடியை நிழலில் வாடவைத்து அப்புறம்தான் காய்ச்சுகிறார்கள். மதியம் ஷெட்டில் அது நடந்தது. இரண்டு பெரிய இரும்புப் பாத்திரங்கள், அடியில் ஆவி. குழாய் வழியாக வருவது குளிர்ந்து, எண்ணெய் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவர் நாகராஜப்பா. எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூருக்காரர், கன்னடக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எண்ணெய் வழியத் தொடங்கியதும் குனிந்து முகர்ந்துவிட்டு, ஷெட்டே அதிரும்படி கத்தினார். "இன்னிக்கு சீத்தாப்பழ வாசனை! கொஞ்சம் டீத்தூளும் இருக்கு! புகை வாசனை இல்லே!"

பக்கத்திலேயே நின்ற ஸ்டெல்லா, "சரிங்க" என்றார்.

சரியான வாயாடி மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கோயில் திருவிழாவில் ஏலம் விடுகிறவர்கூட இப்படிக் கத்த மாட்டார்.

சாப்பாடு ஸ்டெல்லாவின் வீட்டில், ஷெட்டுக்குப் பின்னாலேயே. கணவருக்குத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். "தவக்காலம், கறி கிடையாதுங்கக்கா" என்று முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ராகிக் களியும் பிதுக்கம்பருப்புக் குழம்பும் வைத்தார். பச்சை மொச்சையை ஊறவைத்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கி எடுத்த குழம்பு. நான் களியை மென்றேன். அது பல்லில் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் தவித்தேன். "ஐயோ, மெல்லாதீங்க! உருட்டிக் குழம்புல தோச்சு முழுங்குங்க!" என்று ஸ்டெல்லா விழுந்து விழுந்து சிரித்தார். முழுங்கிப் பார்த்தேன். அதற்கப்புறம் எத்தனை உருண்டை போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கை கழுவிவிட்டு வந்தபோது கூடத்திலேயே எனக்கு மூக்கு சுருங்கியது. உள்ளே பால் அடிப்பிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால், ஸ்டெல்லா அடுப்புக்கு முதுகைக் காட்டி, ஒரு முழம் தள்ளி நின்று கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருக்கிறார். "பால் தீயுது!" என்று நான் கத்தியதும் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினார். "ஏதோ யோசனையில இருந்துட்டேங்க" என்றார். காப்பியில் தீய்ந்த வாடை அடித்தது. அவர் அதே காப்பியை முகம் சுளிக்காமல் குடித்தார். அடுப்பிலேயே இவ்வளவு அஜாக்கிரதை என்றால் எண்ணெயில் எப்படியோ என்று மனதுக்குள் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டேன். எனக்குக் குறை கண்டுபிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் காலையில் கொஞ்சம் நேரம் இருந்தது. ஓசூர்ப் பூ மார்க்கெட்டைப் பார்க்காமல் போனால் என் தொழிலுக்கு அவமானம் என்று கிளம்பினேன். காகிதத்தில் சுற்றிய ரோஜாக் கட்டுகள், மலை மலையாகச் சாமந்தி, காலுக்கடியில் நசுங்கின தண்டுகளின் சேறு. ஒரு பூக்காரம்மா கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். பூவுக்கு நடுவில் ஏதோ ஒரு பச்சை இலை வைத்தார். மருக்கொழுந்து இல்லை, இது சின்ன உருண்டை இலை. ஒன்றை எடுத்துக் கசக்கினேன்.

கற்பூரமும் மிளகும் சேர்ந்த மாதிரி சுள்ளென்று ஏறியது. எனக்கு அந்த வாசனை தெரியும். சிங்கப்பூர்க்காரர் திருப்பி அனுப்பின கேனில் பழ வாசனைக்கு அடியில் ஒளிந்திருந்த அதே சுள். அந்தக் கேனிலிருந்து எடுத்து வந்து கைப்பையில் வைத்திருந்த மாதிரிப் புட்டியைத் திறந்து முகர்ந்தேன், இலையை முகர்ந்தேன், மறுபடியும் புட்டி. பூக்காரம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"மருவுங்க. தெரியாதா?"

அதற்குள் ஒரு கன்னடக்காரர் பக்கத்தில் வந்து நின்று அதையே காட்டி, "மருக கொடம்மா" என்றார். நான் ஃபோனை எடுத்து மருவு என்று தேடினேன். ஆங்கிலப் பெயர் வந்து நின்றது. மார்ஜோரம். ஓசூரில் எங்கே விளையப்போகிறது என்று நான் ஏளனம் செய்த பீட்சா செடி, என் காலடியில் கூடை கூடையாகக் கிடந்தது. இருபது வருடம் எண்ணெய் வியாபாரம் பார்த்த பெரிய மனுஷி! என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

ஆட்டோ பிடித்து ஷெட்டுக்குப் போனேன். மூச்சு வாங்க, இலையை ஸ்டெல்லாவின் கையில் வைத்தேன்.

"இதுதான் மார்ஜோரம். இதை எப்பவாவது இங்கே காய்ச்சினீங்களா?"

"மருவா? இதுவா அது?" அவர் இலையையே பார்த்தார். "ஒரே ஒரு வாட்டிங்க. நாகராஜப்பாவோட சொந்தக்காரர் ஒருத்தர் சோப்பு செய்யறாரு. கேட்டாரு, காய்ச்சிக்கோங்கன்னு சொன்னேன். அவர் அப்பவே எடுத்துட்டுப் போயிட்டாரே."

"எல்லா எடுக்கலே அம்மா" என்றார் நாகராஜப்பா பின்னாலிருந்து. "கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. கேன்ல ஊத்தி வெச்சேன்."

"எந்தக் கேன்?"

அலமாரியில் அலுமினியக் கேன்கள் வரிசையாக இருந்தன. ஸ்டெல்லா எல்லாவற்றிலும் மார்க்கர் பேனாவால் இரண்டே எழுத்து எழுதுவது வழக்கம். வெட்டிவேருக்கு ‘வெட்’, எலுமிச்சைப்புல்லுக்கு ‘எலு’, மருக்கொழுந்துக்கு ‘மரு’. நாகராஜப்பா தன் கேன்களில் கன்னடத்தில்தான் எழுதுவார். அது தனக்குப் படிக்க வரவில்லை என்று ஸ்டெல்லா ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் திட்டாகச் சொல்லவில்லை. மனிதர் அதை மனதில் வைத்துக்கொண்டு, மகளிடம் தமிழ் எழுத்து எழுதிப் பழகியிருக்கிறார். தன் மருக எண்ணெய்க் கேனில் முதன்முதலாகத் தமிழில் எழுதினார்.

அவர் எடுத்துக்கொடுத்த கேனைத் திருப்பினேன். கோணல்மாணலாக, ஆனால் தப்பே இல்லாமல், ‘மரு’.

ஸ்டெல்லா தன் கேனை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் ‘மரு’.

"‘மருக’ன்னு மூணு எழுத்தும் எழுத வேண்டியதுதானே?" என்றேன்.

"எனக்கு ‘க’ வரும் மேடம்" என்றார் நாகராஜப்பா, கண் கலங்க. "அம்மா எல்லா கேன்லேயும் ரெண்டு எழுத்துதானே எழுதுறாங்கோ. ரெண்டுதான் எழுதணும்னு நெனச்சு நானும் ரெண்டே எழுதினேன். தப்பு ஆயித்து. நந்தே தப்பு, என் தப்புதான்."

அந்தக் கேனை ஈப்போவுக்கு அனுப்பும்போது எடை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அன்று நாகராஜப்பா ஊர்த் திருவிழாவுக்கு மாலூர் போயிருந்தார். ஸ்டெல்லாவே அலமாரியில் கைவிட்டு, ‘மரு’ என்று எழுதின ஒரு கேனை எடுத்து ஊற்றி நிரப்பினார். அவ்வளவுதான் கதை. மூன்று மொழி பேசுகிற இடத்தில், ஒருவருக்கொருவர் மரியாதை காட்டப்போய் நடந்த கலப்படம்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என் சிபாரிசு தப்பாகவில்லை, ஸ்டெல்லா திருடி இல்லை, சாயங்காலமே இன்னொரு தடவை களி சாப்பிடலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"ஆமா, ஊத்தும்போது மோந்து பார்த்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே? பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே இந்த வித்தியாசம்."

நாகராஜப்பா குழாயைத் துடைக்கப் போனார், அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. ஸ்டெல்லா நான் கொடுத்த மருவு இலையைக் கசக்கி மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தார். அப்புறம் கீழே போட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு. வாசனை போனது திரும்பி வரல. பாக்காத டாக்டர் இல்ல. வாசனை எண்ணெய் காய்ச்சுறவளுக்கு மூக்கே இல்லைன்னு வெளிய தெரிஞ்சா எவன் வாங்குவான்? அதான் யாருகிட்டயும் சொல்லல. வீட்டுக்காரருக்குக்கூட தெரியாது."

தீய்ந்த பால், முகம் சுளிக்காமல் குடித்த காப்பி. நேற்று நான் எழுதிக்கொண்ட குறிப்பை நினைத்துக் கூனிக்குறுகிப் போனேன்.

"எனக்குத் தெரியும் அம்மா" என்றார் நாகராஜப்பா, குழாயைப் பார்த்துக்கொண்டே.

ஸ்டெல்லா திரும்பினார். "எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து. அதுக்குத்தானே கத்தி கத்திச் சொல்றேன்."

இரண்டு வருடமாக அந்த மனிதர் ஒவ்வொரு தடவை எண்ணெய் காய்ச்சும்போதும் வாசனையை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். சீத்தாப்பழம், டீத்தூள், புகை இருக்கிறது, புகை இல்லை. கேட்டால் அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று, கேட்காமலே சொல்லியிருக்கிறார். அவர் ஊருக்குப் போன ஒரே ஒரு நாள், ஷெட்டில் வாசனை சொல்ல ஆளில்லை. நானோ அவரை வாயாடி என்று நினைத்தேன். ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும்தான் அழுதேன், அதை மறைக்க எனக்குச் சேலைத் தலைப்புகூட இல்லை.

அழுது முடித்ததும் என் வியாபார மூளை வேலை செய்யத் தொடங்கியது. "இதோ பாருங்க, மூக்கு விஷயம் நமக்குள்ளேயே இருக்கட்டும். எழுதினதில் தப்பு, கேன் மாறிப்போச்சுன்னு மட்டும் முதலாளிக்குச் சொல்றேன். அது பொய் இல்லையே" என்றேன்.

ஸ்டெல்லா மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தார். "நீங்க இப்ப என்னைக் கேட்டீங்களே, மோந்து பாக்கலையான்னு. அதையே உங்க முதலாளியும் கேப்பாரு. அதுக்கு ஒரு பொய் சொல்லணும். அப்புறம் அதுக்கு இன்னொண்ணு. என்னால முடியாதுக்கா. மூக்கு போனா போகட்டும், பேரு போகக்கூடாது. ஃபோன் போடுங்க, நானே பேசறேன்."

"வியாபாரம் போச்சுன்னா?"

"போச்சுன்னா எலுமிச்சைப்புல்லு காய்ச்சிப் பொழைக்கறேன். திரும்பி வர்ற கேனை என்ன கலந்திருக்குன்னு எழுதியே ஊதுவத்திக்காரங்களுக்குக் கொடுத்துடறேன்."

மோதிரக்காரர் அதை மருக்கொழுந்து விலைக்கே வாங்கிக்கொள்வார் என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் கண் மூலையில் இருந்த விளக்குமாற்றுக்குப் போனது. நான் அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

ஈப்போவுக்கு ஃபோன் போட்டேன். முதலாளி எடுத்ததும் ஒரே கேள்வி. "கலப்படமா, இல்லையா? சுத்தி வளைக்காம சொல்லு."

ஸ்டெல்லாவைப் பார்த்தேன். சொல்லுங்க என்று தலையசைத்தார்.

"கலப்படம்தான். கலந்தவங்க பக்கத்திலேயே நிக்கிறாங்க, அவங்களே பேசறாங்களாம்" என்று ஃபோனைக் கொடுத்து, ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டேன்.

ஸ்டெல்லா எழுந்து நின்றுகொண்டு பேசினார், எதிரில் ஆள் நிற்பது மாதிரி. கேனைச் சொன்னார், இரண்டு எழுத்தைச் சொன்னார், மூக்கையும் சொன்னார். ஒன்றையும் பூசி மெழுகவில்லை. ஊற்றினது நான்தான், மோந்து பார்க்க முடியாமல் ஊற்றினேன் என்றார்.

"அப்போ இத்தனை நாள் யார் மோந்து பார்த்தது?" என்று முதலாளியின் குரல் வந்தது.

"நாகராஜப்பான்னு ஒருத்தருங்க. பக்கத்துலதான் இருக்காரு."

"அவர்கிட்ட குடுங்க."

நாகராஜப்பா இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு ஃபோனை வாங்கினார். வெளிநாட்டுக்குப் பேசுகிறோமே என்று தொண்டையைச் செருமி, எண்ணெய் வழியும்போது கத்துகிற அதே குரலில் கத்தினார்.

"சார், நான் நாகராஜப்பா! இனிமே எல்லா கேனும் நான் மோந்து பாத்து, முழுப்பேரும் எழுதி, என் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்! அம்மாக்கு வாசனை தெரியாது சார்! பொய்யும் தெரியாது!"

அப்புறம் முதலாளி, அடுத்த அறுவடை எப்போது என்று கேட்டார்.